எந்தப் பக்க ஜன்னல்? இமயமலை ஓரமாக ஆறு பறப்புகள், எட்டு நாள் குறிப்புகள்

நாள் 0: டிக்கெட் வந்தாச்சு, சீட் இன்னும் எடுக்கவில்லை

டெல்லியிலிருந்து காத்மாண்டு, அங்கிருந்து பூட்டானின் பாரோ, வந்த வழியே டெல்லி, பிறகு லடாக்கின் லே, மறுபடியும் டெல்லி. மொத்தம் ஆறு பறப்புகள். ஆறிலும் ஜன்னல் சீட்தான், அதில் பேச்சே இல்லை. எந்தப் பக்க ஜன்னல் என்பதுதான் கேள்வி.

“காத்மாண்டுவுக்கு லெஃப்ட், திரும்பும்போது ரைட்” என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். தப்பில்லை, ஆனால் அந்த வரி போதாது. பார்க்க வேண்டியது பாதைக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது முதல் கணக்கு. அந்த நேரத்தில் வெயில் எங்கிருந்து அடிக்கிறது என்பது அடுத்தது. உங்களுக்கும் வெளிக்காட்சிக்கும் நடுவில் இறக்கை, எஞ்சின், வெறும் சுவர் இதில் எது வருகிறது என்பது மூன்றாவது. இந்த மூன்றும் தெரிந்த பிறகுதான் ஏ-வா எஃப்-ஆ என்று கேட்க வேண்டும்.

முதலில் பாதை. வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே கோடு கிழித்துப் பார்க்காதீர்கள். விமானம் அப்படிப் போவதில்லை. ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் மாதிரியான தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, கடைசி நாலைந்து நாள் பறந்த தடத்தைத் திறந்து பாருங்கள். எல்லா நாளும் ஒரே கோடாக இருந்தால் நிம்மதி. இறங்கும் இடத்தில் மட்டும் ஒருநாள் ஒரு பக்கமாகவும் மறுநாள் வேறு பக்கமாகவும் சுற்றியிருந்தால் அது காற்றின் வேலை. கடைசிப் பத்து நிமிடக் காட்சியை நம்பி சீட் எடுக்க வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: வரைபடத்தில் மேற்கு இடது கைப்பக்கம் இருப்பதால், விமானத்திலும் இடப்பக்கம் மேற்கு என்று நினைத்துக்கொள்வது. தெற்கே போகும் விமானத்தில் இடப்பக்கம் கிழக்கு. குழப்பமாக இருந்தால், போகும் திசை மேலே வருகிற மாதிரி போனைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள், தெளிந்துவிடும்.

எழுத்துகளைப் பொறுத்தவரை, விமானத்தின் மூக்கைப் பார்த்து உட்கார்ந்தால் ஏ எப்போதும் இடது ஜன்னல். மூன்றுக்கு மூன்று சீட் உள்ள ஏர்பஸ் 320, போயிங் 737 வகைகளில் வலது ஜன்னல் எஃப். பெரிய விமானங்களில் பெரும்பாலும் கே. சீட் மேப் திரையில் படுக்கைவாக்கில், மூக்கு இடது பக்கம் பார்த்தபடி இருந்தால் ஏ வரிசை கீழே வரும். மேலே இருப்பதுதான் லெஃப்ட் என்று நினைத்து எஃப்-ஐ அழுத்திவிடுவது சகஜம்.

இப்போது இறக்கை. வரிசை எண்ணை மனப்பாடம் செய்து பயனில்லை, நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். சிலர் 13-ஐயே விட்டுவிடுவார்கள். 320, 737 இரண்டிலும் நடு அவசர வழி இறக்கையின் மேல்தான் திறக்கும். சீட் மேப்பில் அதைக் கண்டுபிடித்து அங்கிருந்து எண்ணுங்கள். முன்னால் நாலைந்து வரிசை வரை இறக்கையும் எஞ்சினும் கீழ்ப் பார்வையை மறைக்கும். பின்னால் ஏழெட்டு வரிசை வரை இறக்கை கண்ணில் விழும். அதைத் தாண்டி வால் பக்கம் போனால் தரை நன்றாகத் தெரியும், ஆனால் முன்பக்கமாகப் பார்த்தால் எஞ்சின் கக்கும் சூட்டில் காட்சி தார் ரோட்டுக் கானல் மாதிரி நெளியும். படம் எடுக்க நினைப்பவர்களுக்கு எஞ்சினுக்கு முன்னால் உள்ள வரிசைகள்தான் தங்கம். முன்பகுதி முழுக்க பிசினஸ் வகுப்பாக இருந்தால் எகானமியே எஞ்சின் பக்கத்தில்தான் தொடங்கும். அப்போது கடைசி ஏழெட்டு வரிசைகளுக்குப் போய்விடுங்கள்.

ஜன்னல் சீட் என்று காசு வாங்கிவிட்டு வெறும் சுவரைக் காட்டும் சீட்டும் உண்டு. 737-800-ல் இறக்கைக்குச் சற்று முன்னால், பெரும்பாலும் இடப்பக்கம் 10, 11-வது வரிசைகளின் பக்கம், ஒரு ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. வயிற்றுப் பகுதியில் உள்ள ஏசி அமைப்பிலிருந்து காற்றைக் கூரைக்கு ஏற்றும் குழாய் அந்தச் சுவருக்குள் ஓடுகிறது. இன்னொரு தொல்லை பாதி ஜன்னல். ஜன்னல்கள் உடற்சட்டத்தின் இடைவெளிப்படி அமைபவை: 320-ல் சுமார் 53 செ.மீ., 737-ல் சுமார் 51 செ.மீ. சீட்டுகளோ 71 முதல் 81 செ.மீ. இடைவெளியில், நிறுவனத்தின் விருப்பப்படி. இரண்டும் ஒத்துப்போகாததால் சில வரிசைகளில் ஜன்னல் தோளுக்குப் பின்னால் போய்விடும், கழுத்தைத் திருப்பித் திருப்பி வலிதான் மிச்சம். அந்த விமான வகையின் சீட் படங்களைப் பார்த்தால் முன்கூட்டியே தெரியும்.

செக்-இன் திறந்ததும் ஒருமுறை மறுபடி சரிபாருங்கள். விமான வகையை மாற்றியிருந்தால் உங்கள் சீட் எண் அப்படியே இருக்கும், அதன் எதிரே இருந்த ஜன்னல் இருக்காது.

நாள் 1: டெல்லி → காத்மாண்டு. ஏ

விமானம் கிழக்கே போகிறது, மலை வடக்கே இருக்கிறது. அதனால் இடப்பக்கம். இங்கே பக்கத்தை முடிவு செய்வது மலைதான். பாதைக்கு இணையாக, ஒரே பக்கமாக ஓடுகிற மலைத்தொடர் என்றால் வேறு யோசனையே வேண்டாம்.

ஆனால் எவரெஸ்டை எதிர்பார்த்து ஏறாதீர்கள். எவரெஸ்ட் காத்மாண்டுவுக்குக் கிழக்கே சுமார் 160 கி.மீ. தொலைவில் இருக்கிறது, இந்த விமானம் அதற்கு முன்பே இறங்கிவிடும். இந்தப் பாதையில் வரிசையாக வருபவை மேற்குப் பக்கத்துப் பெரியவர்கள்: முதலில் தவளகிரி, 8,167 மீட்டர். அடுத்து அன்னபூர்ணா, 8,091. அதற்கப்புறம் மனஸ்லு, 8,163. பாதையைப் பொறுத்து 90 முதல் 150 கி.மீ. தூரத்தில் நிற்பார்கள். தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே மலைச்சுவர் சட்டென்று பள்ளமாக இறங்கும். அது காளி கண்டகி ஆற்றின் பள்ளத்தாக்கு. இந்தப் பள்ளத்தைப் பிடித்துவிட்டால் இடப்பக்கம் தவளகிரி, வலப்பக்கம் அன்னபூர்ணா என்று பெயர் வைத்துவிடலாம்.

இந்தத் தூரத்தில் மலை ஏறக்குறைய கண் மட்டத்தில் தெரியும். அதனால் இறக்கைமேல் சீட் கிடைத்தாலும் இங்கே பெரிய நஷ்டமில்லை. தாழ்வான இறக்கை கீழே இருப்பதைத்தான் மறைக்கும், அடிவானத்தை அல்ல. இறக்கை நுனி மட்டும் குறுக்கே நீட்டிக்கொண்டு வரும். கணக்கு எளிது: 10 கி.மீ. உயரத்தில் பறக்கும்போது பாதையிலிருந்து 10 கி.மீ. தள்ளி இருக்கும் பொருள் 45 டிகிரி கீழே இருக்கும், கன்னத்தைக் கண்ணாடியில் அழுத்தித்தான் பார்க்க வேண்டும். 20 கி.மீ. என்றால் சுமார் 27 டிகிரி, வசதியான பார்வை. 50 கி.மீ. என்றால் வெறும் 11 டிகிரி. நேர் கீழே இருப்பது எந்த ஜன்னலுக்கும் கிடையாது.

காத்மாண்டுவை நெருங்கும்போது கதை மாறும். ஓடுதளம் 02/20, அதன் இரண்டு முனைகளின் எண்கள் அவை. பெரும்பாலும் தெற்கிலிருந்து 02-ல் இறங்குவார்கள், அதாவது வடக்கு-வடகிழக்கே பார்த்து. மலை மூக்குக்கு நேரே போய்விடும், எந்த ஜன்னலிலும் நேராக இருக்காது. நெரிசலால் வானில் வட்டமடிக்க வைப்பதும் இங்கே வழக்கம். ஒவ்வொரு வட்டத்திலும் மலை இடமும் வலமுமாக மாறி மாறி வரும். விமானம் இடப்பக்கம் சாயும்போது ஏ சீட்டுக்குத் தரை, எஃப் சீட்டுக்கு வானம். மலை வேண்டுமென்றால் நிமிரும் வரை பொறுக்க வேண்டும்.

மழைக்காலம் கழுவிவிட்டுப் போன அக்டோபர், நவம்பர்தான் உத்தமம். மார்ச் முதல் மே வரை தூசும் புகையும் அடிவாரத்தை மூடும். காலை விமானமாக இருக்கட்டும், மதியத்துக்குமேல் மலைமேல் மேகம் குவிந்துவிடும்.

நாள் 2: காத்மாண்டுவில்

இன்று பறப்பு இல்லை. விடிகாலையில் இங்கிருந்து கிளம்பும் மலைக்காட்சிப் பறப்புகள் சுமார் ஒரு மணி நேரம் போய்த் திரும்பும். அவற்றில் ஜன்னல் சீட்டுகளை மட்டுமே விற்கிறார்கள், போகும்போது ஒரு பக்கத்தாருக்கும் திரும்பும்போது மறுபக்கத்தாருக்கும் மலை கிடைக்கும். ஏடிஆர் என்கிற சின்ன புரொப்பெல்லர் விமானம் என்றால் இறக்கை தலைக்குமேல் இருப்பதால் கீழ்ப் பார்வை தாராளம். நடுவரிசைகளை மட்டும் தவிருங்கள், எஞ்சின் கூடும் சக்கரக் கூடும் அங்கேதான். ஏடிஆரில் ஏறுவது வால் பக்கக் கதவு வழியாக, ஆகவே பின் சீட்காரர்தான் முதலில் இறங்குவார்.

நாள் 3: காத்மாண்டு → பாரோ. ஏ, அதுவும் முன்னால்

ஆறு பறப்புகளில் சீட்டுக்காகச் சண்டை போட வேண்டுமென்றால் அது இதில்தான். மறுபடியும் கிழக்கு, மறுபடியும் இடப்பக்கம். ஆனால் இம்முறை மலை பக்கத்திலேயே வருகிறது. இரண்டு ஊருக்கும் நேர்கோடு போட்டால் எவரெஸ்ட் சுமார் 45 கி.மீ. வடக்கே, காஞ்சன்ஜங்கா சுமார் 25 கி.மீ.தான்.

வரும் வரிசை: சோ ஓயு (8,188 மீட்டர்), எவரெஸ்ட் (8,849), லோட்சே (8,516), மக்காலு (8,485), கொஞ்சம் இடைவெளி விட்டுத் தனியாகக் காஞ்சன்ஜங்கா (8,586). புறப்பட்டுக் கால்மணி நேரம் ஆகும்போதே எவரெஸ்ட் பகுதி பக்கவாட்டில் வந்துவிடும். பெல்ட் விளக்கு அணைந்த பிறகு மெதுவாகக் கேமராவைத் தேடுபவருக்கு அது பின்னால் போயிருக்கும்.

எவரெஸ்டை அடையாளம் காண்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தெற்கிலிருந்து பார்க்கும்போது அது கூட்டத்தில் பெரியதாக நிற்பதே இல்லை. நுப்சே, லோட்சே இரண்டும் சேர்ந்து முன்னால் ஒரு நீண்ட வெள்ளைச் சுவராக நிற்கும். அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து கறுத்த ஒரு முக்கோணம் தலையை மட்டும் நீட்டும். காற்று பனியைத் துடைத்துவிடுவதால் பாறை கறுப்பாகத் தெரிகிறது. உச்சியிலிருந்து கிழக்கே ஒரு வெண்புகை இழை நீண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், மேல்காற்று கலைத்துக்கொண்டு போகும் பனியும் ஈரமும் அது. அதற்குக் கிழக்கே தனியாக, நாலு பக்கமும் செதுக்கிய கூர்நுனிக் கோபுரம் மாதிரி நிற்பது மக்காலு. எவரெஸ்ட் என்று எடுக்கப்படும் படங்களில் பல உண்மையில் இதுதான். ஆள் தனியாக, கம்பீரமாக நிற்பதால் கண் அங்கேதான் போகும்.

காஞ்சன்ஜங்கா நெருக்கமாக வருவதால் இங்கே கீழ்ப் பார்வை முக்கியம். பனியாறுகள் மடிப்பு மடிப்பாக இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் எஞ்சினுக்கு முன்னால் அல்லது நன்றாகப் பின்னால்.

பாரோவில் இறங்கும்போது பக்கக் கணக்கை மறந்துவிடலாம். கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேலே உள்ள ஓடுதளம், பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துத்தான் இறக்குகிறார்கள். பள்ளத்தாக்குக்குள் வளைந்து வளைந்து போவதால் சரிவுகளில் உள்ள வீடுகள் இரண்டு பக்கமும் இறக்கை மட்டத்தில் வரும்.

நாள் 4: பாரோவில். கண்ணாடியைப் பற்றி

பறப்பு இல்லாத நாளில் ஜன்னலையே பார்ப்போம். விமான ஜன்னல் மூன்று அடுக்கு அக்ரிலிக். வெளியடுக்கு அழுத்தத்தைத் தாங்குகிறது, நடுவடுக்கு அதற்குக் காப்பு, நாம் தொடும் உள்ளடுக்கு கீறல் படாமல் காக்கும் திரை மட்டும். நடுவடுக்கின் அடியில் ஊசி முனையளவு ஒரு துளை இருக்கும். வெளியடுக்குக்கும் நடுவடுக்குக்கும் இடைப்பட்ட வெளியிலும் கேபின் அழுத்தமே நிலவவும், ஈரம் தங்காமல் இருக்கவும் அந்தத் துளை. உயரத்தில் குளிரக் குளிர அதைச் சுற்றி ஐஸ் பூ பூக்கும். துடைத்தாலும் போகாது, அது உள்ளே இருக்கிறது. லென்ஸை ஜன்னலின் மேல்பாதிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

போலரைசர் ஃபில்டர் வேண்டவே வேண்டாம். அழுத்தத்தில் இழுபட்டு நிற்கும் பிளாஸ்டிக் வழியாக வரும் ஒளியை அது வானவில் திட்டுகளாகப் பிரித்துக் காட்டும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டாலும் அதே கூத்துதான். போன் கேமராவைக் கண்ணாடிக்கு ஒரு செ.மீ. தள்ளிப் பிடியுங்கள், ஒட்டி வைத்தால் விமான அதிர்வு படத்தில் ஏறிவிடும். பின்னால் வாசிப்பு விளக்கு எரிந்தால் அணையுங்கள், அடர்நிறத் துணியால் மறையுங்கள். போகஸ் கீறலில் போய் ஒட்டிக்கொண்டால் மலையைத் தொட்டு அழுத்திப் பூட்டிவிடலாம்.

போயிங் 787-ல் இழுக்கும் ஷேட் கிடையாது, பட்டனில் கறுக்கும் கண்ணாடி. ஜன்னல் பெரியதுதான், ஆனால் பணியாளர்கள் கேபின் முழுவதற்கும் ஒரே கட்டளையில் கறுக்கடித்து வைக்க முடியும். பார்வைக்காகவே 787-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

நாள் 5: பாரோ → காத்மாண்டு → டெல்லி. இரண்டிலும் எஃப்

மேற்கே திரும்புகிறோம், மலை வலப்பக்கம். கண்ணாடிப் பிம்பம் மாதிரி அப்படியே மாற்றிப் போட்டால் போதும். ஆனால் போன தடமும் திரும்பும் தடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. இந்த அட்சரேகையில் நடுப்பகல் வெயில் எப்போதும் தெற்கே. அதாவது உங்கள் முதுகுப் பக்கம், இடது ஜன்னல்களில். நீங்கள் நிழல் பக்கத்தில் உட்கார்ந்து வெயில் பட்ட மலையைப் பார்க்கிறீர்கள். கீழே வெண்மேகம் பரவியிருந்தால் அதன்மேல் விமானத்தின் நிழலைத் தேடுங்கள். அதைச் சுற்றி உள்ளே நீலமும் வெளியே சிவப்புமாகச் சின்னச் சின்ன வட்டங்கள் தெரியும். மேகத்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் வருவது. சூரியனுக்கு நேர் எதிரில் மட்டுமே தோன்றும் என்பதால் வெயில் பக்கத்துச் சீட்டுக்கு இது ஒருநாளும் கிடைக்காது. உற்றுப் பார்த்தால் வட்டத்தின் மையம் விமான நிழலில் உங்கள் சீட் இருக்கும் இடத்தில்தான் விழும்.

நாள் 6: டெல்லி → லே. ஏ, ஆனால் காரணம் வேறு

விமானம் வடக்கே போகிறது. மலைத்தொடரை ஒட்டிப் போகாமல் குறுக்கே வெட்டிப் போகிறது. இரண்டு பக்கமும் மலைதான், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. பிறகு எதை வைத்துப் பக்கம் எடுப்பது? வெயிலை வைத்து.

லே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான், பிற்பகலில் பள்ளத்தாக்குக் காற்று ஓடுதளத்தில் தொல்லை கொடுக்கும். காலை வெயில் கிழக்கே, அதாவது வலது ஜன்னலில். வெயிலைப் பார்த்து உட்கார்ந்தால் மூன்று அடுக்குக் கண்ணாடியிலும் உள்ள கீறல், விரல் ரேகை எல்லாம் பளிச்சென்று ஒளிரும். தூசுப்படலம் பால் மாதிரி வெளுக்கும், மலைகள் வெறும் சாம்பல் நிழலாகிவிடும். இடப்பக்கம் அதே மலைகள் காவியும் பழுப்புமாக, ஒவ்வொரு பனியாறும் தனித்தனியாகத் தெரியும். லேவை நெருங்கும்போது மேற்கே அடிவானத்தில் இரட்டை உச்சி வந்தால் அது நுன் (7,135 மீட்டர்), குன் (7,077). வலப்பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு: தெளிந்த நாளில் கிழக்கே சோ மோரிரி ஏரி நீலக் கோடாக மின்னும். ஏரிக்காகவே போகிறவர் எஃப் எடுக்கட்டும், கண்கூச்சத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஓடுதள எண்ணைப் படிக்கத் தெரிந்தால் இறங்கும் காட்சியையும் ஊகிக்கலாம். எண்ணோடு ஒரு சைபர் சேர்த்தால் திசைகாட்டி டிகிரி. லேவில் 07/25. 07-ல் இறங்கினால் 70 டிகிரி, கிட்டத்தட்ட கிழக்கு. அப்போது ஏ பக்கம் வடக்கே லடாக் தொடரும் லே ஊரும், எஃப் பக்கம் தெற்கே சிந்து ஆற்றுக்கு அப்பால் ஸ்டோக் மலைகளும். இது விமானப்படைத் தளம். தரையில் இருக்கும்போது படம் எடுக்கக் கூடாது, ஷேடை இறக்கச் சொன்னால் இறக்கிவிட வேண்டும்.

நாள் 7: லேவில் ஓய்வு

3,256 மீட்டர் உயரத்தில் முதல் நாள் படுத்துக் கிடப்பதே வேலை. படுத்தபடியே மற்ற ஊர்க் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். டோக்கியோவின் ஹனேடாவிலிருந்து ஒசாகா போகும்போது ஃபுஜி வலப்பக்கம். சியாட்டிலிலிருந்து தெற்கே கலிஃபோர்னியா பக்கம் கிளம்பினால் ரெய்னியர் மலை இடப்பக்கம். ஐரோப்பாவிலிருந்து பகலில் வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகும் பறப்பு கிரீன்லாந்தின் மேல் போனால் வலப்பக்கம் எடுங்கள், சூரியன் தெற்கே இருப்பதால் பனிப்பாளம் கண் கூசாமல் தெரியும். அதே பாதையில் இரவில் திரும்பும்போது வடக்கு இடப்பக்கம். துருவ ஒளி தெரிந்தால் அங்கேதான் தெரியும். போர்வையைத் தலையோடு போர்த்தி ஜன்னலை மூடிக்கொண்டு, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் கொடுங்கள். முதலில் வெறும் சாம்பல் மேகம் மாதிரிதான் இருக்கும். சந்தேகமாக இருந்தால் போனில் நைட் மோடில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், பச்சை தெரிந்தால் அதுதான்.

நாள் 8: லே → டெல்லி. எஃப்

தெற்கே போகும் காலைப் பறப்பு. கிழக்கு இப்போது இடது ஜன்னலில், வெயிலும் அங்கே. ஆகவே எஃப். விமானம் தாமதமாகி நடுப்பகலைத் தாண்டிவிட்டால் சூரியன் மேற்கே சாயத் தொடங்கும், அப்போது ஏ-க்காரருக்கு அதிர்ஷ்டம். 25-ல் கிளம்பினால் முதலில் மேற்கே ஓடி, பிறகு இடப்பக்கம் சாய்ந்து தெற்கே திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் மட்டும் தரை ஏ பக்கம், எஃப் பக்கம் வெறும் வானம். பதற வேண்டாம், நிமிர்ந்ததும் மலை வந்துவிடும்.

பனி மலைகள் முடிந்து பச்சை மலைகள், அதுவும் முடிந்து சமவெளி. குளிர்காலத்தில் டெல்லிக்குமேல் இறங்கும்போது வானத்தின் அடியில் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு தெரியும், புகையும் தூசும் தங்கி நிற்கும் மட்டம். அதற்குமேல் இருக்கும்போதே கடைசியாக ஒருமுறை வடக்கே திரும்பிப் பார்த்துவிடுங்கள். கோட்டுக்குள் நுழைந்த பிறகு ஏ-யும் எஃப்-உம் ஒன்றுதான்.